தறி நின்றால் பயப்படுகிற நாய்

இன்று காலை உன் நாய் நாடா படுக்கிற சாக்கைத் துவைத்தேன். எத்தனை முறை அலசினாலும் உன் தறிக்கூடத்து எண்ணெய் வாசம் அதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. மாடிக் கொடியில் காயப்போட்டுவிட்டுக் கீழே வந்தால் என் கையிலும் அதே வாசம். கையைக் கழுவினேன். முகர்ந்து பார்த்தேன். மறுபடியும் கழுவினேன். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடந்தேன். நீ இருந்திருந்தால், "ஒரு எடத்துல உக்காரேன் புள்ள, பாக்கறவளுக்குத் தலை சுத்துது" என்று அதட்டியிருப்பாய். அதட்ட ஆளில்லாததால் இன்னும் கொஞ்சம் நடந்துவிட்டு, வேறு வழியில்லாமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போனது ஆனி மாதம். காலையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நூல் மூட்டை மேல் சாய்ந்தாய், அவ்வளவுதான் என்று சொன்னார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த உன் மகன், தறிகளைக் குத்தகைக்கு விட்டான், வீட்டைப் பூட்டினான். நாய்க்கு என்ன செய்வது என்று மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. "தாராபுரத்துல சித்தப்பா தோட்டத்துல கட்டிப் போட்டறலாங்க அத்தை" என்றான். நல்ல பையன்தான், தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் உன் நாய் பிறந்ததிலிருந்து கழுத்தில் சங்கிலியைப் பார்த்ததில்லை. நான் யாரிடமும் கேட்காமல் கார் கதவைத் திறந்தேன், நாடாவும் ஏறி உட்கார்ந்துகொண்டான். உன் கருமத்தம்பட்டியிலிருந்து எங்கள் ஆர்.எஸ்.புரம் வரை பின்சீட்டில் அவன் இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் நடந்துகொண்டே வந்தான்.

அந்தக் குணத்துக்காகத்தானே நீ அவனுக்கு நாடா என்று பேர் வைத்தாய். தறியில் நூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற நாடா. குட்டியாக இருந்தபோதே தறிகளுக்கு நடுவே அப்படித்தான் ஓடுவான். பக்கத்தில் நிற்கிறவர் பேசுவது காதில் விழாத அந்தச் சத்தத்தில், தறிக்கு அடியில் சாக்கைப் போட்டால் நான்கு காலையும் நீட்டித் தூங்குவான். அந்தச் சாக்குதான் இன்று கொடியில் காய்கிறது.

முதல் தீபாவளிக்கு அவன் நடுங்கியபோது, ஊரே சொன்னது போல நானும் பட்டாசுக்குப் பயம் என்றுதான் சொன்னேன். நீ ஒத்துக்கொள்ளவில்லை. "இத்தனை தறிச் சத்தத்துல தூங்கறவனுக்கு வெடி என்ன புள்ள பெருசு?" என்றாய். அப்புறம் கரண்ட் போகிற நேரங்களில் அவனைக் கவனித்தாய். தறி நின்றதும் எழுந்துவிடுவான். காது விறைக்கும், மூச்சு வாங்கும், கதவுக்கும் உன் காலுக்கும் அலைவான். தீபாவளி நோம்பிக்குத் தறியாட்கள் ஊருக்குப் போய், கூடமே அடங்கிக் கிடக்கிற சமயத்தில்தான் வெடியும் வந்து சேர்கிறது என்று கண்டுபிடித்தாய். "அவன் சத்தத்துக்குப் பயப்படல. சத்தம் நின்னு போனதுக்குத்தான் பயப்படறான்" என்று போனில் நீ கத்தியது, பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குப் பாதிதான் கேட்டது.

அதன் பிறகுதான் அவனை எங்கள் தெருமுனையில் இருக்கிற கால்நடை டாக்டரம்மாவிடம் கூட்டிவர ஆரம்பித்தாய். முதல் நாள் நானும் கூட வந்தேன். நீ கைப்பையிலிருந்து உன் மாமனார் சாப்பிட்டு மிச்சம் வைத்துவிட்டுப் போன தூக்க மாத்திரை அட்டையை எடுத்து மேசை மேல் வைத்தாய்.

"இதையே பாதி ஒடைச்சுக் குடுத்தறட்டுங்களா? சும்மா கெடக்குதுங்க."

டாக்டரம்மாவுக்கு நம் பிள்ளைகள் வயதுதான் இருக்கும். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அட்டையை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். "மனுசனுக்குப் பாதின்னா நாய்க்கு எவ்வளவுன்னு கண்ணால பாத்துச் சொல்ல முடியாதுங்கம்மா. எடை பாக்கோணும், ரத்தம் எடுத்து ஈரலும் கிட்னியும் எப்படி இருக்குதுன்னு பாக்கோணும். சில நாய்க்கு இந்த மாத்திரை குடுத்தா அடங்கறதுக்குப் பதிலா வெறி புடிச்ச மாதிரி ஆயிரும். சிலது படுத்துக்கும், ஆனா உள்ளுக்குள்ள பயம் அப்படியே இருக்கும். நாம தூங்குதுன்னு நெனைச்சுக்குவோம்."

கடைசி வரியைக் கேட்டு நீ சட்டென்று நாடாவின் தலையில் கை வைத்தாய். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னாய்: "ஒடம்பு படுத்திருக்கும், மனசு படுக்காது. அதுக்கு அவன் நடுங்கீட்டே இருந்தாத் தேவலை."

உனக்கு ஒன்று பிடித்துவிட்டால் அதில் நீ காட்டுகிற கெடுபிடி எனக்குத் தெரியாதா. நோம்பிக்கு வெகு முன்பே, ஒன்றும் சத்தமில்லாத ஒரு நாளில், ரத்தமெல்லாம் பார்த்து நாடாவுக்கென்று தான் எழுதிய மாத்திரையைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. நீ அன்று தறிக்கூடத்துக்கே போகாமல், நாற்காலியை இழுத்துப் போட்டு அவனெதிரே உட்கார்ந்திருந்தாய். நடை தள்ளாடுகிறதா, தண்ணீர் குடிக்கிறானா, கூப்பிட்டால் நிமிர்கிறானா என்று எனக்கு வரிசையாகப் போன் வந்தது. நான் இங்கே சாம்பாரைத் தீய விட்டேன். அப்போது உன்னிடம் இருந்த பூனையை ஊசிக்குக் கூட்டிவந்தபோதும் அப்படித்தான். கூடையைப் பார்த்தாலே கம்பி வலையில் ஏறுகிற அந்த ராங்கிக்காரிக்கு, கிளம்புமுன் கொடுக்கச் சொல்லித் தனியாக மருந்து எழுதித் தந்தார்கள். பின்னங்கால் கொஞ்சம் தள்ளாடும், உயரத்திலிருந்து குதிக்க விடாதீங்க என்றார்கள். நீ வீட்டு மெத்தையெல்லாம் தரையில் விரித்துவிட்டுப் பீரோ மேலே அவள் ஏறாதபடி கல்லை அடுக்கி வைத்தாய். நாடாவுக்குக் கொடுத்ததில் ஒரு துளி பூனைக்குக் கொடுத்தால் போதாதா என்று பக்கத்து வீட்டுக்காரம்மா கேட்டதற்கு, "உங்க மருமகளுக்கு எழுதுன சீட்டுல நீங்க மருந்து வாங்குவீங்களா?" என்று கேட்டு, அவர்கள் பேச்சையே ஒரு மாதம் நிறுத்த வைத்தாய்.

இதையெல்லாம் நினைத்தால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. நாய்க்கு ரத்தம் எடுத்தாய். பூனைக்கு மெத்தை விரித்தாய். படியேறினால் மூச்சு முட்டுகிறது என்று என்னிடம் சொன்னவள், மார்பு படபடக்கிறது, விடியலில் எழுந்து உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொன்னவள், டாக்டரிடம் போ என்றதற்கு, "எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கறேன்" என்றாய். கல்லாட்டம்! உன்னை நான் இழுத்துக்கொண்டு போயிருப்பேன், நீ வருகிற ஆளா? நாள் குறித்து வைத்துச் சொன்னால் அன்றைக்குத்தான் தறிக்குப் பாவு நூல் வருகிறது என்பாய். உன்னோடு சண்டை போட இப்போது எங்கே போவது?

சரி, நாடா கதைக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் தறி ஏது? காலையில் பால்காரரும் பேப்பர்காரரும் வந்து போனால் தெரு அடங்கிவிடும். உன்னையும் காணோம், தறிச் சத்தத்தையும் காணோம். அவன் அலைந்தான். வாசலிலிருந்து புழக்கடைக்கு, புழக்கடையிலிருந்து வாசலுக்கு. முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கிக்கொண்டான். நானும் உறக்கமில்லாமல் அவன் பின்னாலேயே நடந்தேன். என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ரண்டு பேருல யாரை மொதல்ல டாக்டர்ட்டக் கூட்டீட்டுப் போறதுங்க அம்மணி?" என்று கேட்டார். நான் அவரை முறைத்தேன்.

நீ அனுப்பிய வீடியோ ஒன்று என் போனில் இருந்தது. தறி ஓடுகிறது, நீ "நாடா, வா சாமி, இக்கட்ட வா" என்று கத்துகிறாய். தறிச் சத்தம் கேட்டால் தூங்குவான் என்று நினைத்து அதைப் போட்டேன். போட்டிருக்கவே வேண்டாம். உன் குரல் வந்ததும் அவன் கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், குளியலறையில் எல்லாம் உன்னைத் தேடினான். அப்புறம் வாசல் கதவைப் பிறாண்டினான். நான் போனை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். பிறகு உன் தறியைக் குத்தகை எடுத்தவரிடம் கேட்டு, யாரும் பேசாமல் வெறும் தறிச் சத்தத்தை மட்டும் பதிந்து அனுப்பச் சொன்னேன். அதைச் சன்னமாக வைத்தால் கொஞ்ச நேரமாவது படுத்தான்.

டாக்டரம்மா இந்த முறை தினமும் கொடுக்கிற மாத்திரை ஒன்று எழுதினார். "இது இன்னைக்குக் குடுத்து நாளைக்குக் கேக்காதுங்கம்மா. சில வாரம் ஆகும். நடுவுல பசி குறையலாம். சரியாப் போச்சுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது, நிறுத்தறப்பவும் கொஞ்சங் கொஞ்சமாத்தான் குறைக்கோணும். மத்ததுக்கு வேற மாத்திரை யாராச்சும் குடுத்தா, சளிக்குன்னாலும் வலிக்குன்னாலும், மொதல்ல என்னைக் கேளுங்க." நோம்பி நாட்களுக்கு மட்டும், வெடி தொடங்குவதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பாகக் கொடுக்க இன்னொன்றும் தந்தார். அதை நான் நீ செய்தது போலவே முன்கூட்டி ஒரு சும்மா நாளில் கொடுத்துப் பார்த்தேன். நன்றாகத் தூங்கினான், எழுந்து சாப்பிட்டான். சில வாரத்தில் காலை நக்குவதும் குறைந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. தினமும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு, "கொஞ்சம் கூட்டிக் குடுத்தா வெசையாக் கேக்குங்களா?" என்பேன். கேக்காதுங்கம்மா என்பார். மறுநாள் மறுபடி கேட்பேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் ஊரிலிருந்து என் பெரிய நாத்தனார் வந்தார். என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், அவரைத் தூக்கி வளர்த்தவர். நான் சாயங்காலம் இட்லித் துண்டுக்குள் வெடிக்கான மாத்திரையை வைத்து நாடாவுக்குக் கொடுத்துவிட்டு, தையல்காரரிடம் ஜாக்கெட் வாங்கப் போனேன். கூட்டத்தில் நேரமாகிவிட்டது. திரும்பி வந்தால் நாடா கதவோரம் நிற்கிறான். நிற்கிறான் என்றால், நான்கு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு ஆடுகிறான். வாயில் எச்சில் ஒழுகுகிறது. உடம்பு உதறுகிறது. கூப்பிட்டால் கண் என் முகத்தில் நிற்கவில்லை.

"என்னங்க ஆச்சு இவனுக்கு?" என்று கத்தினேன்.

நாத்தனார் பதறிப்போய், "ஒண்ணும் பண்ணலையே கண்ணு, மாத்திரைதான் குடுத்தேன்" என்றார். அலமாரியில் அதே மாத்திரையின் அட்டையைப் பார்த்திருக்கிறார். என் வீட்டுக்காரரிடம், "மாத்திரை நான் குடுக்கட்டுங்களா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். விருந்துக்கு வந்த ஒரம்பரை, அதுவும் அக்கா, ஆசையாகக் கேட்டு, தித்திப்பான ஒப்புட்டுத் துண்டுக்குள் மாத்திரையை வைத்துக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் கொடுத்துவிட்டதை என் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். பார்த்தும், "குடுங்க குடுங்க, உங்க கையால குடுங்க" என்று சொல்லியிருக்கிறார். நாத்தனாரும் அதோடு நிற்கவில்லை. குழந்தை வாயில்லாத ஜீவன், நன்றாகத் தூங்கட்டும் என்று இரண்டாக வைத்துக் கொடுத்திருக்கிறார்.

"தெரிஞ்சும் எதுக்குங்க விட்டீங்க?"

"எப்படிங்க அம்மணி அக்காகிட்ட வேண்டாம்னு சொல்லறது? கையில வெச்சுட்டு நிக்கறாங்களே." இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, நம் ஊரைத் தவிர வேறெங்கும் ஒரு நாய்க்கு இப்படி மரியாதையாலே விஷம் வைக்க மாட்டார்கள். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. இவனும் போய்விட்டால் உன்னுடையது என்று என்னிடம் ஒன்றும் இருக்காது என்பதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நாத்தனார் உப்புத் தண்ணீர் கலக்க ஓடினார், வாந்தி எடுக்க வைத்தால் சரியாகிவிடும் என்று. நான் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் முதலில் சொன்னதே, "எதையும் வாயில ஊத்தாதீங்கம்மா. தள்ளாடற நாய்க்குப் புரையேறுனா நேரா நுரையீரலுக்குப் போயிரும்" என்பதுதான். என்ன மாத்திரை, எத்தனை, எப்போது, தினமும் கொடுக்கிறது இன்றைக்கும் கொடுத்தாச்சா என்று கேட்டார். "அட்டையை அப்படியே கையில எடுத்துட்டு ஓடி வாங்க." என் வீட்டுக்காரர் நாடாவைத் தோளில் தூக்கிக்கொண்டு, செருப்புப் போடாமல் தெருமுனை வரை ஓடினார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. தெருவில் ஒருவர் "ஏனுங்க, நாய்க்கு என்னாச்சுங்க?" என்று கேட்டார். நின்று பதில் சொல்லப் போனார் மனுஷர். நான் முதுகில் ஒரு தள்ளு தள்ளினேன்.

இரண்டு மருந்தும் சேர்ந்து அளவு மீறியதால் வந்த உதறல் என்றார் டாக்டரம்மா. டிரிப் ஏற்றினார்கள், ஊசி போட்டார்கள், உடம்பு கொதிக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஈரத்துணி போட்டார்கள். ஊர் முழுக்க வெடி வெடிக்க ஆரம்பித்தது. நான் உள்ளறையில் தரையில் உட்கார்ந்து, போனில் தறிச் சத்தத்தை வைத்து அவன் காதருகே வைத்தேன். பிழைப்பானா என்று கேட்டேன். "சீக்கிரம் கூட்டியாந்துட்டீங்க. ஆனா இப்பவே சொல்ல முடியாதுங்கம்மா" என்றார். பொய் சொல்லாததற்கு அவர்மேல் கோபம் வந்தது. நீ அவரை ஏன் அவ்வளவு நம்பினாய் என்பதும் புரிந்தது.

நோம்பியன்று பொழுது நன்றாக ஏறிய பிறகு அவன் தலையைத் தூக்கித் தண்ணீர் குடித்தான். நாத்தனார் எண்ணெய் தேய்த்துக் குளிக்கவும் இல்லை, புதுச்சேலை கட்டவும் இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, "நான் கேட்டா வேண்டாம்னு சொல்லோணும் தம்பி, அக்காளாவது ஒண்ணாவது" என்று தம்பியைத் திட்டிக்கொண்டே அழுதார். அவர் அதற்கும் "ஆகட்டுங்க்கா" என்றார். இப்போது எங்கள் வீட்டில் மாத்திரை அட்டை என் பீரோவுக்குள் பூட்டில் இருக்கிறது. நான் ஒருத்திதான் கொடுக்கிறேன். கொடுத்ததும் வீட்டுக்காரரிடம் சத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டரம்மா பில் எழுதும்போது என் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "உங்களுக்குக் கை நடுங்குதுங்களே. எத்தனை நாளா?"

ஒன்றுமில்லை என்றுதான் சொன்னேன். வெளியே வந்து படியில் நின்றபோதுதான் எனக்கு உன்மேல் வந்த கோபமெல்லாம் என்மேல் திரும்பியது. உனக்கு உரைக்கவில்லை என்று நான் இத்தனை மாதமாகப் புலம்புகிறேன், நான் செய்வதும் அதேதானே? அடுத்த வாரம் மனுஷர்களுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டரிடம் போனேன். டோக்கன் வாங்கி உட்கார்ந்திருக்கையில் எழுந்து போய்விடலாமா என்று வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன பண்ணுதுங்க என்று அவர் கேட்டதும், தூக்கம் வரவில்லை, மூட்டு வலிக்கிறது என்று சுற்றிச் சுற்றிச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார். "பயமா இருக்குங்க" என்றேன். "என்ற சிநேகிதி செத்துப் போயிட்டாங்க. அன்னையிலிருந்து நெம்ப பயமா இருக்குங்க." நீ செத்துப்போய்விட்டாய் என்று என் வாயால் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவர் மாத்திரை எழுதினார், பேசுவதற்கு ஒருவரிடம் போகவும் சொன்னார். எப்போது போடுவது, எதோடு சேர்க்கக் கூடாது, எப்படி நிறுத்துவது என்று அவரை நான் குடைந்தெடுத்தேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது நடுவில் எழுந்து கடைக்குப் போய்விட்டு வந்தேன், இவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார என்னால் இன்னும் முடியவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து, நான் எப்போது வெளியே போய்விட்டுக் கதவைத் திறந்தாலும் நாடா என்னைப் பார்ப்பதில்லை. என்னைத் தாண்டி, நீ வருகிறாயா என்று என் பின்னால் பார்ப்பான். நான் உள்ளே வந்து கதவைச் சாத்தும்வரை அங்கேயே பார்த்துக்கொண்டிருப்பான். சற்றுமுன் நான் கதவைத் திறந்தபோது தரையில் படுத்திருந்தவன், வாலை ஒரு தட்டுத் தட்டி என் முகத்தைப் பார்த்தான். என்னை மட்டும் பார்த்தான். பார்த்துவிட்டு, தலையைப் பாதத்தின் மேல் வைத்து மறுபடி கண்ணை மூடிக்கொண்டான்.

பையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு நான்தான் திரும்பி என் பின்னால் பார்த்தேன்.